பெனிட்டாவுக்கு எவ்வளவு?

சங்குமுடித்துறையில் கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தெரிந்துகொள்ள யாரும் நிலாவை அண்ணாந்து பார்ப்பதில்லை, பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை, நேரே ஜெசிந்தா வீட்டு வாசலில் போய் நின்று பெனிட்டாவுக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். நூற்றிருபது என்றால் கடல் தன் இடத்தில் இருக்கிறது, இருநூறு என்றால் முதல் வரிசை வீடுகளில் பாயைச் சுருட்டி வைக்க வேண்டும், அறுபது என்றால் வள்ளங்களெல்லாம் சேற்றில் உட்கார்ந்துவிடும், பத்துப் பேர் தள்ளினாலும் நகராது. இப்படியும் உண்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஊருக்குக் கோபம் வராது, பாவமாகத்தான் இருக்கும்: யாருடைய ரத்தத்தையும் பார்க்காமல் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிற கடலை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படித்தான் பிழைக்கிறார்களோ என்று.

பெனிட்டாவுக்கு எட்டு வயதில் அது ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், குடித்ததையெல்லாம் ஒன்றுக்குப் போனாள், தின்றது எங்கே போகிறதென்று தெரியாமல் எலும்பும் தோலுமானாள், ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். அன்றைக்குக் கடல் கோயிலின் மூன்றாவது படி வரை வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஐந்நூற்று நாற்பது என்றார்கள், இந்தப் பிள்ளையின் உடம்பில் இன்சுலின் ஊறவே ஊறாது, ஆயுள் முழுக்க வெளியிலிருந்துதான் ஊசியாகப் போட வேண்டும் என்றார்கள். ஜெசிந்தாவின் கணவன் மங்களூர்ப் பக்கம், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்குகடல் தொழிலுக்குப் போய் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவன், அதனால் ஊசி போடக் கற்றுக்கொண்டவள் அவள்தான். பிள்ளையோடு அவள் வீடு திரும்பியபோது கடலும் திரும்பிப் போயிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டவர் பக்கத்து வீட்டுக்காரரும் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவருமான கஸ்பார். ஜெசிந்தா ஊசியை எடுத்தால் அரை மணி நேரத்தில் அலை பின்வாங்குவதை ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எழுந்து நின்று கல்யாண ஓலை வாசிக்கிற குரலில் ஊருக்கு அறிவித்தார். பங்குச்சாமியார் கொஞ்சம் யோசித்து, இதில் விசுவாசத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை என்றார். சரி, அப்படித்தானா என்று ஊர் எழுந்து வீட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகு ஏலக் கொட்டகைச் சிலேட்டில் புயல் கூண்டு நம்பருக்குப் பக்கத்தில் பெனிட்டாவின் நம்பரும் ஏறியது. முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்ட நூற்றெண்பது வேண்டும் என்று விசைப்படகுக்காரர்களும், நூற்றெண்பதில் எங்கள் அடுப்பு அணைகிறது, நூறே போதும் என்று முதல் வரிசை வீட்டுக்காரர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். திருவிழாச் சப்பரம் கடற்கரையைச் சுற்றி வருகிற நாளில் பிள்ளையைத் தொண்ணூறில் நிறுத்தித் தரும்படி ஊர்க் கமிட்டி எழுத்து மூலமாகக் கேட்டுக்கொண்டது. ஊரில் ஆண்களின் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்ததோ இல்லையோ, பிள்ளைக்கு இறங்கிவிட்டால் கொடுக்க ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. வாழ வந்த மருமகப் பெண்கள் மாமியாரின் குணத்துக்கு முன்னால் பெனிட்டாவின் நம்பரைத் தெரிந்துகொண்டார்கள். எல்லாருக்கும் அவள்மேல் பிரியம்தான். அந்தப் பிரியத்தில் மூச்சு முட்டுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஜெசிந்தா கணவாய் மீன் உரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தாள். விடிந்ததும் பிள்ளையின் விரலில் குத்துவாள், பார்ப்பாள், ஊசி போடுவாள், இட்லியை எண்ணி வைப்பாள், மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள், குத்துவாள், பார்ப்பாள், போடுவாள், சோற்றைக் கரண்டியால் அளந்து வைப்பாள், சாயங்காலம் திரும்பவும் குத்துவாள். நாலு இட்லிக்கு ஆறு யூனிட் என்று நேற்றுச் சரியாக இருந்தது இன்றைக்குத் தப்பும், பிள்ளை ஓடி விளையாடினால் இறங்கும், அழுதால் ஏறும், சளி பிடித்தால் ஏறும், பதிமூன்று வயதில் பெரியவளானதும் காரணமே இல்லாமல் ஏறி இறங்கும். ஒழுங்காக ஒரு வாரம் ஓடினால் ஜெசிந்தாவுக்குப் பயம்தான் வரும், எங்கேயோ எதுவோ காத்திருக்கிறது என்று. ஏறினாலும் அவளிடம்தான் வருவார்கள், இறங்கினாலும் அவளிடம்தான் வருவார்கள். நடுவில் நின்றால் மட்டும் யாரும் வரமாட்டார்கள், அது கடலின் நல்ல குணம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் சிநேகிதியின் பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக்கைக் கழிப்பறையில் ஒளிந்து நின்று தின்றாள் பெனிட்டா. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவதற்குள் முதல் வரிசை வீடுகளில் செருப்புகள் மிதந்தன, மாலை அவள் நடந்து வருகையில் வாசலுக்கு வாசல் சிரித்துக்கொண்டே கேக் ருசியாக இருந்ததா என்று கேட்டார்கள். வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குன்னு ஒரு வயிறு கூட கெடையாதாம்மா?" என்றாள்.

ஜெசிந்தா அன்றைக்கு இரண்டு யூனிட் கூடுதலாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷக் கோடை கொடுமையான கோடை. ஜெசிந்தா வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது, மருந்துக் குப்பிகளை ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் சிறு பானையில் வைத்து ஈரத்துணி போர்த்தியிருப்பாள், ஐந்து வருஷமாக அது போதுமானதாக இருந்தது. சித்திரை வெயிலில் சட்டித் தண்ணீரே வெதுவெதுத்தது. இது கமிட்டி காதுக்குப் போனது. மருந்து கெட்டால் பிள்ளை கெடும், பிள்ளை கெட்டால் கடல் கெடும், ஊருக்குள் இவ்வளவு பெரிய ஐஸ் பிளாண்டை வைத்துக்கொண்டு பிள்ளையின் மருந்தை மண்சட்டியில் வைப்பது நமக்கெல்லாம் கேவலம் என்று பேசி, ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, அந்த மாதம் ஆஸ்பத்திரியில் வாங்கிவந்த குப்பிகள் எல்லாவற்றையும் ஐஸ் பிளாண்டில் ஒப்படைத்தார்கள்.

அங்கே பொறுப்பு தொம்மை அண்ணன். கல்யாணம் காட்சி இல்லாமல் முப்பது வருஷமாகப் பனிக்கட்டிக்கு நடுவிலேயே காலத்தைத் தள்ளினவர், ஒரு காலை விந்தி நடக்கிறவர், ஜெசிந்தாவைக் கூடப்பிறந்தவள் மாதிரி பார்க்கிறவர். இவ்வளவு குளிரில் வைக்கலாமா என்று அவள் லேசாக இழுத்தபோது அவர் சிரித்தார்.

"ஐஸ் கொறஞ்சு கெட்டுப்போன மீன நெறைய பாத்திருக்கேன் தாயி. ஐஸ் கூடிக் கெட்டுப்போன மீன இந்த வயசு வரைக்கும் நான் பாத்ததில்ல."

ஊரில் யாரும் பார்த்ததில்லை. சூட்டில் வைக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைத்தான் ஊர் கேட்டிருந்தது. உறையவிடாதே என்பதை, வீட்டில் ஃப்ரிட்ஜே இல்லாதவளிடம் யார் சொல்லப்போகிறார்கள்? தொம்மை அண்ணன் குப்பிகளைப் பாலிதீன் பையில் கட்டி, இருப்பதிலேயே நல்ல இடமாகப் பார்த்து, இரண்டு ஐஸ் பாளங்களுக்கு நடுவில் வைத்தார். வெள்ளிக்கிழமை அவள் முதல் குப்பியைக் கேட்டபோது அது கல்லாகக் கிடந்தது. பிள்ளைக்குச் சில்லென்று ஏறக்கூடாதே என்று கம்கட்டில் இடுக்கி, மடியில் வைத்து, ஒரு மணி நேரம் தன் உடம்புச் சூட்டில் உருக்கி, தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் துண்டால் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அது உறைந்திருந்தது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

அன்றைக்கு மத்தியானம் ஊசிக்குப் பிறகு இருநூற்று அறுபது. இன்னும் கொஞ்சம் போட்டாள், முந்நூற்றுப் பத்து. சாயங்காலம் கூட்டிப் போட்டாள், முந்நூற்று நாற்பது. கடல் முதல் வரிசையைத் தாண்டி இரண்டாவது வரிசைக்குள் வந்து உட்கார்ந்தது, ஊர் பாய் தலையணையோடு கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தது, யாரும் கத்தவில்லை, கூப்பாடு போடவில்லை, பிள்ளைக்கு யார் இனிப்புக் கொடுத்தது என்று மட்டும் விசாரித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் கேட்டார்கள். கஸ்பாரின் மனைவி போன மாசிக்களரித் திருவிழாவில் ஒரு துண்டுக் கருப்பட்டி கொடுத்ததை அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். ஜெசிந்தா வீட்டுப் பானை, சட்டி, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் அவர்களே கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர்களே திரும்ப அடுக்கியும் வைத்தார்கள். நான் ஒன்றும் தின்னவில்லை என்று பெனிட்டா சிலுவை போட்டுச் சத்தியம் பண்ணினாள். சனிக்கிழமை காலையில் நானூற்று எண்பது காட்டியபோது ஜெசிந்தா அந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள், எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டுத் திரும்பவும் அறைந்தாள். பெனிட்டா அழவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டாள்.

விஷயம் கேள்விப்பட்டுத் தொம்மை அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார். குளிர் போதவில்லை போலிருக்கிறது, மிச்சக் குப்பிகளை அடிப்பாளத்துக்குக் கீழே மாற்றிவிட்டேன், இது அங்கே இருந்தது என்று சொல்லி இன்னொன்றை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதையும் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பெனிட்டா வாந்தியெடுத்து எடுத்து ஓய்ந்து, மலையேறுகிறவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள், வாயில் அழுகிய வாழைப்பழ வாடை அடித்தது. சர்க்கரை பார்க்கிற மெஷின் நம்பரைக் காட்டாமல் இங்கிலீஷில் இரண்டே எழுத்தைக் காட்டியது. அதற்கு மேல் எண்ண அதற்குத் தெரியாது என்று அர்த்தம். கடல் கோயில் பீடத்தைத் தொட்டது, ஊர் மொத்தமும் தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஏறி நின்றது.

ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் ஐந்தடித் தண்ணீர். வள்ளத்தில் பிள்ளையைப் போட்டு, பஞ்சாயத்து ஆபீசையும் ரேஷன் கடையையும் சுற்றிக்கொண்டு கஸ்பாரும் இன்னும் நாலு பேரும் துடுப்புப் போட்டு, மெயின் ரோட்டு மேட்டில் நின்ற ஆம்புலன்சில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழியில் ஓர் அலை வள்ளத்துக்குள் விழுந்ததில் ஜெசிந்தாவின் பை நனைந்தது, மெஷினும் அதில் சொருகுகிற பட்டைகளும் உப்புத் தண்ணீரில் ஊறி ஒன்றுக்கும் ஆகாமல் போயின. அதைப் பற்றி அவள் அப்போது நினைக்கவேயில்லை.

டாக்டரம்மா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், உள்ளே பொடிப்பொடியாகத் திரிந்து ஒட்டியிருந்ததைக் காட்டினார், எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். ஜெசிந்தா சொன்னாள். ஒரு தடவை உறைந்துவிட்டால் அது மருந்தே இல்லை, இரண்டு நாளாக நீ பிள்ளைக்குப் போட்டதும் பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான் என்றார் டாக்டரம்மா. ஜெசிந்தாவுக்குத் தன் உள்ளங்கை எரிந்தது. சத்தியம் பண்ணின பிள்ளையை அடித்த கை. அந்த எரிச்சலோடு வெளியே வந்து தொம்மை அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஐஸுல வச்சா அந்த மருந்து செத்துருமாம். செத்த மருந்தத்தான் என் பிள்ளைக்குக் குத்திக்கிட்டு இருந்திருக்கேன். நீங்கதான் அண்ணே என் பிள்ளையக் கொன்னுட்டிய."

அவர் பேசுவதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

நல்ல இன்சுலின் சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியதும் எண் இறங்கியது. மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து குத்திப் பார்த்தாள்: ஐந்நூறு, நானூற்று இருபது, முந்நூற்று முப்பது. கோயிலை விட்டுக் கடல் வெளியே போயிற்று, தெரு தெரிகிறது, ஆடுகளைத் தேரியிலிருந்து இறக்குகிறோம் என்று கஸ்பார் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு மணிக்கு இருநூற்றுப் பத்து. பெனிட்டா மூச்சு சீராகித் தூங்கினாள். இன்சுலினோடு இனிமேல் குளுக்கோஸும் போக வேண்டும், அப்போதுதான் ஒரேயடியாக விழாது என்று சொல்லி நர்ஸ் ஒரு பாட்டிலை மாட்டிவிட்டு, பாம்பு கடித்து வந்த ஒருவனைப் பார்க்க அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். இரண்டு நாளில் முதல் தடவை.

போன் அடித்தது. தொம்மை அண்ணன்.

"ஜெசிந்தா, கடல் உள்வாங்குது. பிள்ளையப் பாரு."

அவள் பார்த்தாள். தூங்குகிற பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டாள். இப்போதுதானே பார்த்தேன், இருநூற்றுப் பத்து, அடுத்தது ஐந்து மணிக்கு, பிள்ளையைத் தூங்கவிடு என்றாள் அவள். உள்நாட்டுக்காரி, அவள் ஊர்ப் பக்கம் கடலே கிடையாது. தன் மெஷின் இருந்தால் தானே பார்த்திருப்பாள் ஜெசிந்தா. பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள், சில்லிட்டு வேர்த்திருந்தது. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஒரே ஒரு தடவை குத்திப் பாருங்கள், இல்லையென்றால் என்னை வெளியே தள்ளுங்கள் என்றாள். நர்ஸ் சலித்துக்கொண்டே குத்தினாள். நாற்பத்தொன்று.

குளுக்கோஸ் குழாய் பிள்ளையின் முழங்கைக்குக் கீழே மடங்கி அடைத்துக் கிடந்தது, இன்சுலின் மட்டும் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதை நிறுத்தினாள், பெரிய ஊசியில் குளுக்கோஸை உறிஞ்சி நேராக நரம்பில் ஏற்றினாள், கன்னத்தைத் தட்டினாள், பெனிட்டா கண்ணைத் திறக்கவில்லை. ஏறுகிறதா, இன்னும் விழுகிறதா என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். ஜெசிந்தா போனைக் காதோடு அழுத்தினாள்.

"அண்ணே, கடல் என்ன செய்யுது?"

"காலவிட்டுப் போவுது. போவுது. இரு." காற்றுதான் கேட்டது. "நின்னுட்டு."

ஜெசிந்தா பிள்ளையின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்புது தாயி. கரண்டைக்கால் வரைக்கும் வந்துட்டு."

ஏறுகிறது என்று அவள் நர்ஸிடம் சொன்னாள், நர்ஸும் எப்படித் தெரியும் என்று இப்போது கேட்கவில்லை. முட்டு என்றார் தொம்மை அண்ணன். தொடை என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. கரையில் நிற்கிற மனிதருக்குத் தொடை வரைக்கும் எப்படி வரும் என்பது அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது.

"அண்ணே, எங்க நிக்கிறிய?"

"பாரைக்கிட்ட. தண்ணி எங்க நின்னுதோ அங்கதான நிக்கணும். கரையில நின்னா என்ன தெரியும்?"

பாரை என்பது மீன் கூடுகிற கடலடிப் பாறைத்திட்டு, கரையிலிருந்து ஒரு மைல். அவள் சொன்ன சொல் காதில் விழுந்த பிறகு, கடல் விலக விலக, யாரிடமும் சொல்லாமல், விந்தி விந்தி, அதன் பின்னாலேயே நடந்து போயிருக்கிறார். பாம்பு கடித்தவனின் மனைவியிடம் போனைக் கடன் வாங்கிக் கஸ்பாரைக் கூப்பிட்டாள் ஜெசிந்தா, தொம்மை அண்ணன் பாரையில் நிற்கிறார், வள்ளத்தை எடுங்கள் என்றாள். வள்ளமெல்லாம் சேற்றில் கிடக்கிறது, தண்ணீர் கரைக்கு வந்தால்தான் மிதக்கும் என்றார் கஸ்பார், சொல்லும்போதே அழுதார்.

நர்ஸ் திரும்பவும் குத்தினாள். அறுபத்திரண்டு. பிள்ளை இன்னும் கண் திறக்கவில்லை. இரண்டாவது ஊசியில் குளுக்கோஸை நிறைத்துக்கொண்டு, போடட்டுமா, கடல் என்ன சொல்கிறது என்று ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். இந்த ஊசி போனால் கடல் ஓடி வரும். வந்தால்தான் வள்ளம் மிதக்கும், ஆனால் கரைக்கு வருவதற்கு முன்னால் அது பாரையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஜெசிந்தாவுக்கு, கடவுளே, என்னிடம் ஏன் கேட்கிறாய் என்றிருந்தது.

"நெஞ்சுக்கு வந்துட்டு," என்றார் தொம்மை அண்ணன். "இதுல நிப்பாட்டாத தாயி. போடச் சொல்லு."

"அண்ணே, நான் சொன்னத மனசுல வச்சிக்கிடாதிய. ஏறி வந்துருங்க அண்ணே."

"போடச் சொல்லு."

அவள் மகளைப் பார்த்தாள். உதடு வெளுத்து, வாய் லேசாகத் திறந்து, எங்கேயோ தூரத்தில் கிடந்தாள் பிள்ளை.

"போடுங்க சிஸ்டர்," என்றாள் ஜெசிந்தா.

போனில் பெரிய இரைச்சல் கேட்டது, பிறகு இரைச்சல் மட்டும் கேட்டது. பெனிட்டாவின் இமை அசைந்தது. கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, நான் ஒன்றும் தின்னவில்லை அம்மா என்றாள். ஜெசிந்தா அவளை வாரி அணைத்துக்கொண்டு அந்தக் கன்னத்தில் முத்தமிட்டாள், முத்தமிட்டுக்கொண்டே இருந்தாள். நர்ஸ் விரலில் குத்தி, மெஷினை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நூற்று முப்பத்திரண்டு.

மற்ற போனில் கஸ்பார், வள்ளம் மிதந்துவிட்டது, நாலு பேர் போயிருக்கிறார்கள் என்றார். ஜெசிந்தா தன் போனைப் பார்த்தாள். தொம்மை அண்ணனின் அழைப்பு இன்னும் துண்டாகவில்லை, நிமிஷமும் விநாடியும் ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிற வரைக்கும் போனைப் பிடித்திருக்கிற அந்தக் கை தண்ணீருக்கு மேலே இருக்கிறது. அவள் அதை வாயருகே வைத்துக்கொண்டு, நூற்று முப்பத்திரண்டு அண்ணே, பிள்ளை முழிச்சிட்டா, நூற்று முப்பத்திரண்டு என்று, வார்டு மொத்தமும் திரும்பிப் பார்க்க, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.